பின்சக்கரக் கோட்டமும் புது டயரும்

சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ரிம் வலது பிரேக் கட்டையை உரசிவிட்டுப் போனது. டயரும் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது: பக்கவாட்டில் நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு, நடுவில் பட்டன் தேய்ந்து வழவழப்பு. இரண்டு வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். டயரைக் கழற்றாமலே கோட்டம் எடுத்துவிடலாம்தான், அதாவது ஆடும் ரிம்மை நேராக்கிவிடலாம்தான், அவசரத்துக்கு அது போதும். ஆனால் டயர் இல்லாத ரிம்மில்தான் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும், ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு நட்டான நிப்பிளின் தலையையும் உள்பக்கமிருந்து பார்க்க முடியும். தவிர, காற்று நிறைந்த டயர் ரிம்மைச் சுற்றிலும் உள்நோக்கி அமுக்குகிறது. அதனால் ஸ்போக்கின் இறுக்கம் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே கைக்குப் படும்.

நிப்பிளைத் திருகும் சாவியை எடுப்பதற்கு முன் ஆடுவது எது என்று தெரிந்தாக வேண்டும். டயர் நெளிந்து ரிம் நேராக ஓடினால் அது கோட்டமே இல்லை, டயர் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். இங்கே ரிம்தான் ஆடியது. அடுத்து, ரிம்மை மேல்பக்கம் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். கையில் லேசாக ‘டக்’ என்று ஓர் ஆட்டம். சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில், பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு கோட்டம் எடுக்க உட்கார்ந்தால், சுற்றும் ஒவ்வொரு முறையும் ரிம் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும். எந்த அளவை நம்புவது? சக்கரத்தைக் கழற்றி, மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முடுக்கினேன். ஆக்ஸிலை விரலால் சுற்றினால் நறநறப்பு இருக்கக் கூடாது, பக்கவாட்டில் ஆட்டினால் அசைவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறுகியது. அதைப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

டயரைக் கழற்றும்போது காற்றை முழுக்க இறக்கி, வால்வு நட்டை எடுத்துவிட்டு, டயரைச் சுற்றிலும் இரு கட்டைவிரல்களாலும் நடுப்பக்கமாகத் தள்ளினேன். இதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரமும் உயரம், நடுவில் பள்ளம். டயரின் ஓரத்தில் ஓடும் கம்பி நீளவே நீளாது. அது ஓரிடத்தில் ரிம் விளிம்பைத் தாண்டி வெளியே வர வேண்டுமானால், எதிர்ப்பக்கத்தில் பள்ளத்துக்குள் இறங்கி இடம் கொடுக்க வேண்டும். ஓரத்தை மேட்டிலேயே விட்டுவிட்டு லீவரைப் போட்டு நெம்புகிறவர்கள் கம்பியோடு மல்லுக்கட்டுகிறார்கள். கம்பி தோற்காது. லீவர் உடையும், இல்லையென்றால் டியூப் கடிபடும். பள்ளத்தில் இறக்கியபின் ஒரு பிளாஸ்டிக் லீவரே போதுமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டியூபை மட்டுமல்ல, அலுமினிய ரிம்மின் விளிம்பையும் அது கீறிப் பிசிறாக்கிவிடும்.

பழைய டயரின் பக்கவாட்டில் 37-622 என்றும், பக்கத்திலேயே 700x35சி என்றும் அச்சாகியிருந்தது. புது டயர் வாங்கும்போது நம்ப வேண்டியது முதல் வகை எண்ணை. அது ஐஎஸ்ஓ 5775 தரத்தின்படி எழுதப்படுவது. முன்னால் இருப்பது டயரின் அகலம், பின்னால் இருப்பது ஓரக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மி.மீ. கணக்கு. அங்குலக் கணக்கை நம்பினால் ஏமாற்றம்தான். 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 559 மி.மீ. டயரும் உண்டு, 590 மி.மீ. டயரும் உண்டு. 28 அங்குலம் என்பதில் 622-ம் இருக்கிறது, 635-ம் இருக்கிறது. இவற்றில் ஒன்று இன்னொன்றின் ரிம்மில் எந்தக் காலத்திலும் ஏறாது, ஏறினாலும் நிற்காது. அகலத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், சட்டத்திலும் மட்கார்டிலும் இடம் இருந்தால் போதும். இரண்டாவது எண் மட்டும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்.

டயரையும் டியூபையும் எடுத்ததும், ஸ்போக் ஓட்டைகளை மூடி டியூபைக் காக்கும் ரிம் டேப்பைப் பார்த்தேன். ஓரிடத்தில் ஒதுங்கி, ஸ்போக் ஓட்டை பாதி திறந்து கிடந்தது. டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்றால் முள்ளைத் தேட வேண்டியதில்லை, குற்றவாளி இந்த டேப்தான், அல்லது நிப்பிளைத் தாண்டித் துருத்தும் ஸ்போக் முனை. டேப்பை உரித்துப் போட்டேன். பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் ஒரு ஸ்கேலின் ஓரத்தை வைத்துப் பார்த்தேன். தேய்ந்த ரிம்மில் அங்கே குழிவு தெரியும். ஆழமாகக் குழிந்த ரிம்மில் கோட்டம் எடுப்பதே வீண், காற்றின் அழுத்தம் தாங்காமல் ஒருநாள் ஓரம் பிளந்துகொண்டு போகும். இந்த ரிம்மில் அப்படி எதுவும் இல்லை.

இனி முக்கிய வேலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மாட்டி, பின் சட்டத்தின் இரு பக்கக் குழாய்களிலும் ஆளுக்கொரு கேபிள் டையைக் கட்டினேன். வால் பகுதியை நறுக்கி, முனை ரிம்மிலிருந்து 1 மி.மீ. தள்ளி நிற்கும்படி வைத்தாகிவிட்டது. கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்த இரண்டு முனைகளும் துல்லியமாகவே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நிப்பிளும் ரிம்மைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், ஸ்போக் நிப்பிளுக்குள் நுழையும் வாயில் ஒரு சொட்டு. துருப்பிடித்த நிப்பிளை எண்ணெய் விடாமல் திருகினால் நிப்பிள் நகராது, ஸ்போக் முறுக்கிக்கொள்ளும், அல்லது நிப்பிளின் நான்கு முகமும் வழுக்கி உருண்டையாகிவிடும். சாவியும் சரியான அளவில் இருக்க வேண்டும். சாதாரணமாகப் புழங்கும் நிப்பிள்களின் அகலம் 3.2 மி.மீ.-க்கும் 4 மி.மீ.-க்கும் இடையே பல அளவுகளில் வருகிறது. பல அளவுப் பள்ளங்கள் வெட்டிய வட்டச் சாவியில், எது ஆட்டமில்லாமல் இறுகப் பிடிக்கிறதோ அதுதான் நமக்கு உரியது.

எண்ணெய் ஊறும் நேரத்தில் 36 ஸ்போக்கையும் ஒவ்வொன்றாக விரல் நகத்தால் மீட்டினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பேன். ரிம் எங்கே ஆடுகிறது என்பதைக் கண் சொல்லும். ஏன் ஆடுகிறது என்பதைக் காதுதான் சொல்லும். பின்சக்கரத்தில் வலது பக்கம், அதாவது பல்சக்கரங்கள் இருக்கும் பக்கம், ஸ்போக்குகள் கூடுதல் இறுக்கத்தில் இருக்கும். பல்சக்கரத்துக்கு இடம் விட்டு ஹப்பின் வலது விளிம்பு நடுப்பக்கமாக ஒதுங்கியிருப்பதால், அந்தப் பக்க ஸ்போக் செங்குத்தாக நிற்கிறது. ரிம்மை நடுவில் நிறுத்த அது அதிகம் இழுத்தாக வேண்டும். ஆகவே வலதில் ‘டிங்’ என்று உயர்ந்த ஒலி, இடதில் அதைவிடத் தாழ்ந்த ஒலி. இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஒரே பக்கத்து ஸ்போக்குகள் தங்களுக்குள் ஒரே சுருதியில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

இடது பக்கத்தில் ஒன்று ஒலிக்கவே இல்லை. நகம் பட்டதும் ‘தொப்’ என்று அடங்கியது. ரிம் வலது பக்கம் சாய்ந்து பிரேக்கில் உரசிய அதே இடம். குனிந்து பார்த்தால், பக்கத்து நிப்பிள்களின் அடியில் மரையே தெரியவில்லை, இதன் அடியில் மட்டும் இரண்டு மூன்று மரை வெளியே பளபளத்தது. நிப்பிள் தானாகவே கழன்று வந்திருக்கிறது. ஓடும்போது ஏன் கழல்கிறது என்பதற்குச் சக்கரம் எடையைத் தாங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்போக் மெல்லிய கம்பி, அழுத்தினால் வளைந்துவிடும், இழுவையில் மட்டும்தான் அதற்கு வலு. நாம் ஏறி உட்காரும்போது ஹப்புக்குக் கீழே தரையை நோக்கி நிற்கும் சில ஸ்போக்குகளின் இழுவை குறைகிறது, மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. 37-622 டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.19 மீட்டர். 1 கி.மீ. ஓடினால் ஒவ்வொரு ஸ்போக்கும் சுமார் 450 முறை தளர்ந்து இறுகுகிறது. ஏற்கெனவே இறுக்கம் குறைந்த ஸ்போக், அடியில் வரும் ஒவ்வொரு முறையும் முழுக்கத் தொங்கிப்போகும். அந்த நொடியில் நிப்பிளைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, அதிர்விலேயே கழல ஆரம்பிக்கும். ஸ்போக் முறிவதும் பெரும்பாலும் இப்படித்தான். அதிக இறுக்கத்தால் அறுந்துபோவதைவிட, தளர்ந்து தளர்ந்து இறுகி, ஹப் ஓட்டையில் வளையும் கழுத்தில் அசந்து முறிவதே அதிகம்.

ஆகவே அந்த ஒரே நிப்பிளை முதலில் இறுக்கினேன், பக்கத்து இடது ஸ்போக்குகளின் சுருதிக்குச் சற்று முன்வரை. சுற்றிப் பார்த்தால் உரசலில் பெரும்பகுதி போய்விட்டது. வலது பக்க ஸ்போக்குகளைத் தளர்த்தியிருந்தாலும் ரிம் நேராகியிருக்கும்தான். ஆனால் ஒன்று தளர்ந்ததற்காக இன்னும் இரண்டைத் தளர்த்திய கதையாகியிருக்கும், அந்த இடம் மொத்தமும் பலவீனப்பட்டு மறுபடி ஆடும். நேராக இருப்பதும் சீரான இறுக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல. இறுக்கம் சீராக இருந்தால்தான் நேர் நிலைக்கும்.

திருகும் திசையில் நிறையப் பேருக்குக் குழப்பம் வரும். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து, அதாவது ரிம்முக்கு வெளியேயிருந்து நிப்பிள் தலையைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் கடிகாரச் சுற்றில் திருக இறுகும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் இதே திருகல் எதிர்ச்சுற்றாகத் தெரியும். நான் எப்போதும் வெளியிலிருந்து பார்ப்பதாகவே மனதில் வைத்துக்கொள்வேன். 2 மி.மீ. ஸ்போக்கில் அங்குலத்துக்கு 56 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு 0.45 மி.மீ., கால் சுற்றுக்கு 0.11 மி.மீ. தான் நகர்கிறது. கால் சுற்று என்பது அற்பம் போலத் தோன்றும், ஆனால் ரிம்மில் அது நன்றாகவே தெரியும். பெரிய சாய்வுக்கு அரைச் சுற்று, முடிக்கும் தறுவாயில் கால் சுற்று அல்லது அதற்கும் குறைவு. இதைத் தாண்டுவதில்லை.

சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, முனையில் உரசும் பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் சாக்பீஸால் குறித்தேன். ரிம் வலது பக்கம் சாய்ந்தால், குறித்த பகுதியின் நடுவில் இருக்கும் இடது ஸ்போக்கை இறுக்க வேண்டும், அதற்கு இரு பக்கமும் உள்ள வலது ஸ்போக்குகளை அதில் பாதி அளவு தளர்த்த வேண்டும். இறுக்கிய அளவுக்குத் தளர்த்தலும் இருந்தால் ரிம் பக்கவாட்டில் மட்டும் நகரும், வட்டம் கெடாது. எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதில் மீண்டும் காதைக் கேட்டேன். சுருதி தாழ்ந்ததை இறுக்கு, உயர்ந்ததைத் தளர்த்து. இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் கை தைரியமாக வேலை செய்யும். கண் ஒன்றும் காது வேறொன்றும் சொன்னால், ரிம் ஏதோ குழியில் அடிபட்டு அந்த இடத்தில் வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த ரிம்மை ஸ்போக்கை வைத்து நேராக்க முயன்றால் ஒன்று அளவுக்கு மீறி இறுகும், அடுத்தது தொங்கும். அப்படிப்பட்ட சக்கரத்தில் நான் சிறு சாய்வை அப்படியே விட்டுவிடுவேன், பெரிதாக இருந்தால் ரிம்மையே மாற்றச் சொல்வேன்.

நிப்பிளைத் திருகும்போது ஸ்போக்கும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு சின்ன ஒட்டுத்தாளை ஸ்போக்கில் கொடிபோல ஒட்டிப் பார்த்தால் அது திரும்புவது தெரியும். தேவையான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருகி, அந்தக் கூடுதலைப் பின்னால் திருப்பிவிட்டால் முறுக்கு அவிழ்ந்துவிடும். மெல்லிய ஸ்போக்கில் இது கட்டாயம்.

பக்கவாட்டுச் சாய்வு ஓரளவு அடங்கியதும் கேபிள் டைகளை ரிம்மின் வெளி விளிம்புக்கு மேலே நகர்த்தி வட்டத்தைப் பார்த்தேன். மேடாக எழும்பும் இடத்தில் ஓர் இடது ஸ்போக்கையும் அதற்கு அடுத்த வலது ஸ்போக்கையும் சம அளவில் இறுக்க வேண்டும். பள்ளமாக இறங்கும் இடத்தில் சம அளவில் தளர்த்த வேண்டும். ஜோடியாகச் செய்வதால் பக்கவாட்டு நேர் பெரிதாகக் கலையாது. கொஞ்சம் கலையத்தான் செய்யும், அதனால் மறுபடி பக்கவாட்டுக்கு வந்து, மறுபடி வட்டத்துக்குப் போக வேண்டும். ரிம்மின் இரு முனைகளும் சேரும் இணைப்பில் ஒரு சிறு மேடு மிஞ்சியது. அது உலோகத்தின் மேடு, கோட்டம் இல்லை. அதைத் தொடவில்லை.

ரிம் சட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்பது தனிக் கேள்வி. சக்கரம் நேராக ஓடும், ஆனால் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். இதைப் பார்க்க எளிய வழி, சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டுவது. சங்கிலியைப் போட வேண்டாம். ரிம் அதே இடத்தில் நின்றால் நடுவில் இருக்கிறது. நகர்ந்தால், அந்த வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான பிழை. இங்கே ரிம் 1 மி.மீ. வலதுபுறம் ஒதுங்கியிருந்தது. இடது பக்க ஸ்போக்குகள் பதினெட்டையும் வால்வு ஓட்டையில் தொடங்கிச் சுற்று முழுவதும் கால் சுற்று இறுக்கினேன். அரை அளவு வந்தது. இன்னொரு கால் சுற்றில் நடுவில் வந்து நின்றது. இடது ஸ்போக்குகளும் அதற்குரிய இறுக்கத்துக்கு வந்துவிட்டன.

பிறகு ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கைகளால் பலமாக நெரித்தேன். ஸ்போக்குகள் ஹப்பிலும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திலும் சரியாக அமர இது தேவை. 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்ற இந்தக் குறுக்குப் பின்னல்தான் பெடலின் முறுக்கு விசையை ரிம்முக்குக் கொண்டுசேர்க்கிறது. நெரிக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக ‘க்ளிங்’ என்று சத்தம் வரும், மிஞ்சிய முறுக்கு அவிழும் சத்தம் அது. இதற்குப்பின் திரும்பச் சுற்றிப் பார்த்தால் கோட்டம் கொஞ்சம் தலைகாட்டும். கடைசித் திருத்தம் அப்போதுதான். இறுதியில் பக்கவாட்டில் அரை மி.மீ.-க்குள் அடங்கியது. பிரேக் கட்டைக்கு 1 மி.மீ. ஆட்டமே தடையில்லை. அதற்குமேல் நேராக்குகிறேன் என்று இறுக்கத்தின் சீரைக் கெடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

டயர் போடும் முன், ரிம்மின் உள்ளே நிப்பிள் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். ஒரு ஸ்போக் முனை துருத்தியது, அரத்தால் ராவிச் சமன் செய்தேன். பிரேக் படும் இடத்தில் சிந்திய எண்ணெயை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். புது ரிம் டேப், வால்வு ஓட்டையில் தொடங்கி, எல்லா ஓட்டையையும் மூடும் அகலத்தில். அது பள்ளத்தின் சரிவில் ஏறி டயர் ஓரம் உட்காரும் இடத்தை மறைக்கக் கூடாது.

டயரின் சுழல் அம்பைப் பார்த்துத் திசையை உறுதிசெய்து, பக்கவாட்டில் உள்ள பெயர் அச்சு வால்வுக்கு நேராக வரும்படி ஓர் ஓரத்தை மட்டும் ரிம்முக்குள் ஏற்றினேன். அச்சை வால்வோடு பொருத்துவது அழகுக்காக அல்ல. நாளைக்குப் பஞ்சர் ஆனால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை தூரம் என்று பார்த்து டயரில் முள் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். டியூபுக்கு வட்டம் பிடிக்கும் அளவு மட்டும் காற்று விட்டேன். தட்டையான டியூப் டயர் ஓரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், பருத்த டியூப் உள்ளே போகாது.

இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு கைகளாலும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் ஏற்றிக்கொண்டு வால்வில் வந்து முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் அடி தடித்திருக்கும், அங்கே டயர் ஓரம் பள்ளத்தில் இறங்க முடியாது. வால்வில் தொடங்கினால் அந்தத் தளர்வை முதலிலேயே இழந்துவிடுவோம். கடைசி ஒரு சாண் எப்போதும் அடம்பிடிக்கும். அப்போது லீவரைத் தேடாமல், ஏற்றி முடித்த பகுதிக்குத் திரும்பிப் போய் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கிள்ளிப் பள்ளத்தில் அமுக்கி, கிடைத்த தளர்வை உள்ளங்கையால் சுற்றிலும் தள்ளிக்கொண்டே வந்தேன். டியூபில் விட்ட காற்றையும் கொஞ்சம் இறக்கினேன். கட்டைவிரலின் அடிச்சதையால் ஓர் உருட்டு உருட்டியதும் ஓரம் உள்ளே விழுந்தது. உடனே வால்வை வெளியிலிருந்து டயருக்குள் ஒருமுறை மேலே தள்ளிப் பின் இழுத்தேன், அதன் அடி டயர் ஓரத்துக்குக் கீழே சிக்காமலிருக்க. சுற்றிலும் டயரை ஒதுக்கி, எங்காவது டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று இரு பக்கமும் பார்த்தேன். எட்டிப் பார்த்தால் அங்கேதான் வெடிக்கும்.

டயரின் ஓரத்துக்குச் சற்று மேலே, சுற்று முழுக்க ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். பாதிக் காற்றில் நிறுத்தி அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். ரிம் விளிம்பிலிருந்து சீரான தூரத்தில் ஓடினால் டயர் உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் கோடு ரிம்முக்குள் மறைந்தது. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி மறுபடி அடித்தேன். ஓரம் வழுக்கி மேலே வந்து அமர்ந்தது, கோடும் நேராகிவிட்டது. பிறகே டயரில் எழுதியிருக்கும் அழுத்த வரம்புக்குள் முழுக் காற்று.

முதல் ஓட்டத்தில் தொடக்கத்தில் இரண்டு மூன்று ‘க்ளிங்’ சத்தம் கேட்டு நின்றது. திரும்பி வந்து சுற்றிப் பார்த்தபோது ஓரிடத்தில் கால் சுற்றுத் திருத்தம் மட்டும் தேவைப்பட்டது. பிரேக் கட்டைகளை ரிம்முக்கு நெருக்கமாக வைத்துக் கட்டினேன். கழன்றிருந்த அந்த இடது நிப்பிளின் பக்கத்தில் ஸ்போக்கில் ஒரு சிறு மைப்புள்ளி வைத்திருக்கிறேன். காற்று அடிக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை மீட்டிப் பார்ப்பேன். சுருதி மறுபடி இறங்கினால் இனி இறுக்கிப் பயனில்லை, மரை தேய்ந்திருக்கும். நிப்பிளையும் ஸ்போக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.